மாண்டினீக்ரோ போய் வந்த கதை

அன்புள்ள சீனு,

போனை எடுக்க மாட்டாய், வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம். முட்டி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மாப்பிள்ளை லீவு போட்டு எங்களை மாண்டினீக்ரோவுக்குக் கூட்டிப்போனார். 'அது ஆப்பிரிக்காவிலா?' என்று கேட்காதே. ஐரோப்பாவில் ஏட்ரியாட்டிக் கடலோரம், தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு, ஜனம் ஆறு லட்சத்துச் சொச்சம். 2006-இல் செர்பியாவிடமிருந்து பிரிய 55 சதவீத ஓட்டு வேண்டும் என்றார்கள், கிடைத்தது 55.5. நம் மூர்த்தி சங்கத் தேர்தலில் ஜெயித்த ஜெயிப்புதான்!

அங்கே கோட்டோர் என்ற பழைய ஊரில் மதில் ஊரைச் சுற்றிவிட்டு நேரே மலைமேல் ஏறுகிறது. கோட்டைக்கு 1,350 படியாம். இவள் உச்சிவரை போய் வந்தாள், நான் பாதியோடு சரி. சிரிக்காதே. கீழே சொகுசுக் கப்பல் வந்து நின்றால் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது.

நான் சொல்ல வந்தது பெராஸ்ட் என்ற கடலோர ஊர் பற்றி. கரையிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணத்தில் ஒரு தீவு. மனுஷன் போட்ட தீவு! 1452-இல் அங்கிருந்த பாறையில் மாதா படம் கிடைத்ததாம். அதுமுதல் கடலோடிகள் ஊர் திரும்பும்போதெல்லாம் கல் போட்டு, பழைய கப்பல்களில் கல் நிரப்பி மூழ்கடித்து மேடாக்கியிருக்கிறார்கள். இப்போதும் ஜூலை 22 சாயங்காலம் படகுகளைக் கோத்துக் கட்டிக்கொண்டு போய்க் கல் போடுகிறார்கள்.

அங்கே கோயிலில் ஒரு தையல் படம். கடலுக்குப் போனவன் வருவான் என்று காத்திருந்த பெண் 25 வருஷம் தைத்தாளாம். குட்டித் தேவதைகளுக்குத் தலைமுடியாகத் தன் முடியையே இழைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். சில தலைகள் கருப்பு, சில நரை. தைக்கத் தைக்க அவளுக்கே நரைத்துவிட்டது என்கிறார்கள்.

எனக்கு ராஜம் அக்கா ஞாபகம்தான் வந்தது. அத்திம்பேர் கப்பலுக்குப் போனபோது பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும், நீதான் பிடித்து இழுத்து அடிவாங்குவாய். அவளைப் பார்த்து எத்தனை நாளாச்சுடா? வீட்டுப் பங்குத் தகராறு கோர்ட்டில் அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆடி முடிவதற்குள் ஸ்ரீரங்கம் போய்விட்டு வா. தனியாகப் போகத் தயக்கமென்றால் சொல், நான் ரயிலேறி வருகிறேன், சேர்ந்தே போவோம். அவள் திட்டினால் பாதி எனக்கு.

உன்,
கோபாலன்