மடத்துக்குப் போகுமுன்: மகளுக்கு ஒரு கடிதம்

இயேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதை நானும் அம்மாவும் வாசித்தோம். கன்னியர் மடத்தில் சேர்ந்து சிஸ்டராக நினைப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. "அமெரிக்காவில் சிஸ்டர்களே இல்லாமல் போகிறார்களே, அங்கேயா சேரப்போகிறாய்?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

1965-ல் அந்த நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சத்து 80 ஆயிரம் அருட்சகோதரிகள் இருந்தார்கள். இன்று 40 ஆயிரத்துக்கும் குறைவு. விசுவாசம் செத்துவிட்டது என்று இதற்கு ஒரே வரியில் காரணம் சொல்கிறவர்களை நம்பாதே. அந்த 1965-ன் கணக்கே வழக்கத்துக்கு மீறியது. 1884-ல் அங்கே பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள், பங்குதோறும், அதாவது ஒவ்வொரு கோயில் வட்டாரத்திலும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆணையிட்டார்கள். அயர்லாந்திலும் இத்தாலியிலும் போலந்திலும் இருந்து குடியேறிய ஏழை மக்களால் ஆசிரியர் சம்பளம் கட்டுப்படியாகாது. சொற்பப் படிக்கு வகுப்பு எடுக்க சிஸ்டர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு பெண் பள்ளியையோ மருத்துவமனையையோ தலைமையேற்று நடத்த அன்று இருந்த ஒரு சில வழிகளில் மடமும் ஒன்று. பிறகு கல்லூரியும் வேலையும் பெண்களுக்குத் திறந்தன, குடும்பங்கள் சிறுத்தன. சேவைக்காக மட்டும் வந்தவர்களுக்கு மடம் அவசியமில்லாமல் போனது.

அதே நேரத்தில், 1965 அக்டோபரில், உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவறப் புதுப்பித்தலுக்கான ஆணையை வெளியிட்டது. உங்கள் துறவற சபையை நிறுவியவரின் ஆவிக்குத் திரும்புங்கள், காலத்துக்கு ஏற்பவும் மாறுங்கள் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டது. பல சபைகள் இரண்டாவதை வேகமாகப் பிடித்துக்கொண்டன. சில வருடங்களுக்குள் பொதுச் செபமும் ஒரே கூரை வாழ்க்கையும் தளர்ந்தன. சில மறைமாவட்டங்களில் மேலிடம் இறுக்கிப் பிடித்ததாலும் சபைகள் உடைந்தன: லாஸ் ஏஞ்சலஸில் பேராயரோடு முரண்பட்ட ஒரு சபையில் 300-க்கும் மேற்பட்டவர்கள் 1970-ல் வார்த்தைப்பாடுகளிலிருந்து, அதாவது கடவுளுக்குக் கொடுத்த துறவற வாக்குறுதிகளிலிருந்து, விலகினார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ வேலை பார்ப்பது போன்ற எத்தனையோ மருத்துவமனைகளை எழுப்பியவர்கள் அவர்கள்.

துளிர்க்கிற இடங்களும் உண்டு. நாஷ்வில் தொமினிக்கன் சபை 1860-லிருந்து இருக்கிறது, இன்றும் இளம்பெண்கள் வருகிறார்கள். 1997-ல் நான்கு சகோதரிகள் தொடங்கிய ஆன் ஆர்பர் தொமினிக்கன் சபையில் இப்போது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். நியூயார்க்கில் கர்தினால் ஓ'கானர் 1991-ல் தொடங்கிய 'சிஸ்டர்ஸ் ஆஃப் லைஃப்' சபையும் வளர்ந்திருக்கிறது. மூன்றிலும் துறவற உடை உண்டு. உடைதான் இழுக்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் 2009-ல் நடத்திய தேசிய ஆய்வில், உடையோடு தினத் திருப்பலி, கூட்டுச் செபம், ஒன்றாக வாழ்வது ஆகியவற்றையும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். உடை கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் சேருமுன் மடத்தில் தங்கிப் பார்க்கும் 'வந்து பாருங்கள்' முகாமுக்குப் போகும்போது சாப்பாட்டு மேசையைக் கவனி. எத்தனை பேர் ஒன்றாக உட்காருகிறார்கள், வயதானவர்களிடம் இளையவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார். கடந்த பத்து வருடத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று கூச்சப்படாமல் கேள். இரண்டாவது கணக்கைச் சொல்லத் தயங்கும் வீட்டில் அவசரப்படாதே. முதியோர் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேள். 1972 வரை சிஸ்டர்களுக்கு அங்கே அரசு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. அதன் பாரத்தால்தான் 1988 முதல் ஆண்டுதோறும் பங்குகளில் அவர்களுக்காகக் காணிக்கை எடுக்கிறார்கள்.

உன் படிப்புக் கடனை இப்போதே கணக்குப் போடு. கடனைத் தீர்க்க வழியில்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 644-ஆம் எண் சொல்கிறது. நிறைய பிள்ளைகள் நிற்பது இங்கேதான். இதற்கு உதவவே 'லபூரே சொசைட்டி' போன்ற அமைப்புகள் இருக்கின்றன. மடத்தில் இறையழைத்தலுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லிவிடு.

சேர்ந்தபின் முதலில் தயாரிப்புக் காலம், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பிறகு நவகன்னியர் காலம், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம், திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம், பல சபைகளில் இரண்டு வருடம். அந்த 12 மாதத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாது. 15 நாளைத் தாண்டினால் ஈடுகட்ட வேண்டும். ஊருக்கு வர முடியாது என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நவகன்னியர் இல்லம் ரோமில் என்றால் கிரீன் கார்டையும் நினைவில் வை: ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்குவதானால், புறப்படுமுன் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு வருடம், தேவையானால் ஒன்பது வரை நீட்டலாம். கடைசியில் நித்திய வார்த்தைப்பாடு.

உன் பேரில் இருக்கும் நிலத்தை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் நிர்வாகத்தை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைத்தால் போதும், உரிமை உன்னிடமே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்தான் உயில் எழுத வேண்டும். இடையில் வெளியே வர நேர்ந்தால், செய்த வேலைக்கு ஊதியம் கேட்க உனக்குச் சட்ட உரிமை கிடையாது; நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டிய கடமை சபைக்கு உண்டு. அதனால் நர்ஸிங் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இரு. திரும்பி வந்தால் இந்த வீடு உனக்குத் திறந்தே இருக்கும், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்.

உன்னிடம் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழை மடத்தில் ஏற்க மாட்டார்கள். உறுதிபூசுதல், திருமணம் போன்றவற்றைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்புகளோடு புதிதாக எடுத்தது வேண்டும். பங்குத்தந்தையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் அனுப்புகிறேன். முகாம் தேதி தெரிந்ததும் சொல்.

ஆசீருடன்,
அப்பா