தேனு, மாசச் சந்தாவ மட்டும் பாக்காதடி

அன்பு தேனு,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப டிவில கீழ ஓடுற பொடி எழுத்தக்கூட சத்தமா படிச்சுக் காட்டி எங்க உயிர வாங்கிட்டு இருக்காங்க. பெரியவன் வேலைல சேந்துட்டான், வீட்லயிருந்தே வேலை, அவன் மீட்டிங்ல இருக்கும்போது மிக்ஸி போடக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர். நீ தனியா டிசைன் பிரிண்டிங் ஆரம்பிச்சு ரெண்டு பேருக்கு சம்பளமும் குடுக்குறேன்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், காலேஜ்லயே ஊருக்கெல்லாம் ரெக்கார்டு நோட்டுல படம் போட்டுக் குடுத்து காசு பாத்தவதான நீ.

சரி விஷயத்துக்கு வரேன். கம்மி விலைல நல்ல ஆன்லைன் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் எது, பேர் மட்டும் சொல்லு போதும்னு கேட்டிருக்க. நான் கணக்கு பாத்துக் குடுக்குற சின்ன கம்பெனிக்காரங்க எல்லாருமே இப்படித்தான் கேப்பாங்க. பேரு சொல்றது பெரிய விஷயமே இல்ல, ஆனா அது உனக்கு மலிவா அமையுமான்னு உன் வேலை எப்படி ஓடுதுன்னு தெரியாம சொல்ல முடியாதுடி. விலைப் பக்கத்துல பெருசா போட்டிருக்குற தொகை உள்ள இழுக்குறதுக்கு, அதுவும் முதல் சில மாசம் பாதி விலைன்னு வேற இருக்கும், அப்புறம் எங்க கைய வைப்பாங்கங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

உதாரணத்துக்கு குவிக்புக்ஸ் ஆன்லைன்ன எடுத்துக்கோ, அங்க ஆள் கணக்கு, அதாவது எத்தன பேர் உள்ள வந்து வேலை செய்யலாம்ங்கறதுக்கு அளவு. அடிமட்ட பிளான்ல ஒரே ஒரு யூசர், அடுத்ததுல 3, அதுக்கும் மேல போனா 5, ஆடிட்டருக்கு மட்டும் தனியா இடம் விட்டிருப்பாங்க. ஸீரோன்னு நியூசிலாந்து கம்பெனி ஒண்ணு, 2006ல ஆரம்பிச்சது, அதுல எத்தன பேர வேணும்னாலும் சேத்துக்கலாம், ஆனா பல நாடுகள்ல அடிமட்ட பிளான்ல மாசத்துக்கு இத்தன இன்வாய்ஸ்தான்னு பூட்டு போட்டிருக்காங்க. ஃப்ரெஷ்புக்ஸ்ல பூட்டு கிளையன்ட் எண்ணிக்கைல. ஸோஹோ புக்ஸ்ல இலவச பிளானே உண்டு, வருஷ விற்பனை ஒரு அளவத் தாண்டினா காசு கட்டுற பிளானுக்கு மாறணும். இந்த எண்ணெல்லாம் அவங்க இஷ்டத்துக்கு மாத்திட்டே இருப்பாங்க, அதனால நீ வாங்குற அன்னிக்கு அந்தப் பக்கத்துல அடில பொடியா இருக்குறதயும் படிச்சுக்கோ. நீ பாக்க வேண்டியது ஒண்ணுதான், உன் தொழில் வளந்தா எந்தப் பூட்டுல முதல்ல போய் முட்டுவ. விசிட்டிங் கார்டு, பத்திரிகைன்னு ஒரு தடவ வந்துட்டு போற ஆளுங்கதான் உனக்கு அதிகம், அப்போ கிளையன்ட் எண்ணிக்கைல பூட்டு போடுற பிளான் உனக்கு ஒத்தே வராது, எவ்ளோ மலிவா இருந்தாலும் சரி. அதே பிளான் நாலு கம்பெனிக்கு மட்டும் வருஷம் பூரா வேலை செய்ற ஆளுக்கு அருமையா ஓடும்.

ஆள் கணக்குல இன்னொரு தொல்லை இருக்கு. ஒரு யூசர்தான்னு ஆனதும் எல்லாரும் என்ன பண்றாங்கன்னா ஒரே பாஸ்வேர்ட எல்லாருக்கும் சொல்லிடறாங்க, ஓனர், பில் போடுற பொண்ணு, ஆடிட்டர் ஆபீஸ் பையன் எல்லாம் ஒரே பேர்ல உள்ள வராங்க. அப்புறம் ஒரு பில்ல யாரு திருத்தினது, எந்த தேதில திருத்தினதுன்னு பாக்கப் போனா எல்லாம் ஓனர் பேர்லயே நிக்கும். இந்த சாஃப்ட்வேருக்கு காசு குடுக்குறதுக்கு முக்கிய காரணமே அந்த ஆடிட் டிரெயில்தான், அதையே நாம கெடுத்துக்கிட்டா நோட்டுலயே எழுதிட்டு போயிடலாம். ஆளுக்கு ஒரு லாகின், ஓடிபி கேக்குற மாதிரி ரெண்டாவது பூட்டு, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

இலவசமா எதுவும் இல்லையான்னு கேப்ப, தெரியும். இருக்கு. வேவ்னு ஒண்ணு, டொராண்டோல 2010ல ஆரம்பிச்சது, இலவசம்னுதான் பேர் எடுத்தாங்க, கார்டு பேமெண்ட்ல கமிஷன் எடுத்து அதுல ஓட்டினாங்க, 2019ல எச் அண்ட் ஆர் பிளாக்னு அமெரிக்க வரிக் கணக்கு கம்பெனி வாங்கிடுச்சு, இப்ப பேங்க் வரவு செலவ தானா இழுத்துக்குற வசதி காசு கட்டுற பிளானுக்குப் போயிடுச்சு. தப்புன்னு சொல்லல, அவங்களும் பொழைக்கணும்ல. குனுகேஷ்னு ஒண்ணு 1998லருந்து இருக்கு, முழுக்க இலவசம், சோர்ஸ் கோடே திறந்து கிடக்கு, முறையான ரெட்டைப் பதிவு (ஒவ்வொரு வரவு செலவயும் பற்று, வரவுன்னு ரெண்டு பக்கமும் எழுதுறது), ஆனா அது உன் கம்ப்யூட்டர்ல உக்காந்து இருக்குறது, ஆன்லைன் இல்ல, ஒரே நேரத்துல ரெண்டு பேர் வேலை செய்ய சரிப்படாது. மேனேஜர்னு ஒண்ணும் அதே மாதிரி, டெஸ்க்டாப்ல இலவசம், ஆன்லைன்ல வேணும்னா காசு. இஆர்பிநெக்ஸ்ட்னு கணக்கு, ஸ்டாக், சம்பளம் எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற சாஃப்ட்வேர் பத்தியும் யாராவது சொல்வாங்க, சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா சர்வர் வாடகை, அத அப்டேட் பண்ண ஒரு ஆள், பேக்கப் எடுக்க ஒரு ஆள்னு போகும், உன் சைஸுக்கு அது தேவையே இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், இத நிதானமா படி. எல்லா கம்பெனியும் டெமோல கலர் கலரா வரைபடம் காட்டுவாங்க, லாபம் பச்சைல ஏறிட்டே போகும். அதையெல்லாம் நீ வாரத்துல ஒரு தடவகூட பாக்க மாட்ட. நீ வாராவாரம் பண்ணப் போற வேலை பேங்க் ஸ்டேட்மென்ட்டயும் கணக்கயும் ஒப்பிட்டு சரி பாக்குறது, ரீகன்சைல் பண்றதும்பாங்களே, அது. அந்த ஸ்கிரீன் நல்லா இருந்தா சாஃப்ட்வேர் நல்லா இருக்கு, அது சொதப்பினா மத்ததெல்லாம் எவ்ளோ அழகா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

உதாரணம் சொல்றேன். மூணு கஸ்டமர் ஒரே நாள்ல ஆன்லைன்ல காசு கட்றாங்க, 4,000, 3,500, 2,500, மொத்தம் 10,000. நடுவுல காச வாங்கிக் குடுக்குற பேமெண்ட் கேட்வே கம்பெனி தன் கமிஷன் 200 எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு 9,800னு ஒரே தொகையா உன் பேங்க்ல போடும். உன் கணக்குல மூணு இன்வாய்ஸ் நிக்குது, பேங்க்ல ஒரே வரி, தொகையும் ஒத்துப் போகல. அவசரத்துல நிறைய பேர் அந்த 9,800ஐ நேரா விற்பனைன்னு போட்டுட்டு போயிடுவாங்க. அப்போ என்ன ஆகும், அந்த மூணு இன்வாய்ஸும் இன்னும் காசு வரலன்னே காட்டிட்டு இருக்கும், காசு கட்டின கஸ்டமருக்கே ரிமைண்டர் மெயில் போகும், அதுபோக இன்வாய்ஸ் போட்டப்பவே 10,000 விற்பனைல ஏறியிருக்கும், இப்ப இன்னொரு 9,800, ஒரே காசு ரெண்டு தடவ வருமானமா நிக்கும், அதுக்கு வரி வேற கட்டுவ. நல்ல சாஃப்ட்வேர்ல அந்த 9,800 வரியக் கிளிக் பண்ணினா மூணு இன்வாய்ஸயும் டிக் பண்ணிட்டு, குறையற 200ஐ கமிஷன் செலவுன்னு அங்கயே எழுதிட்டு ஓகே குடுத்துடலாம், வேற ஸ்கிரீனுக்குப் போகவே வேணாம். சிலதுல இதுக்கு நாலு இடம் சுத்தணும். டிரையல் எடுத்தா முதல்ல இத பண்ணிப் பாரு, டெமோல வர்ற டேட்டா வேணாம், உன் சொந்த பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஒரு மாசத்த ஏத்தி பண்ணு.

ஏத்தும்போது தேதியக் கவனி. உன் பேங்க்கோட நேரா இணையற வசதி இருக்கான்னு முதல்ல பாரு, பேங்க் பேரு லிஸ்ட்ல இருந்தாலும் நடுவுல நடுவுல அறுந்து போகும், அப்போ நீயேதான் பேங்க்லருந்து ஸ்டேட்மென்ட்ட சிஎஸ்வி ஃபைலா (எக்ஸெல்ல திறக்குற வெறும் எழுத்து ஃபைல்) இறக்கி ஏத்தணும். அதுல 03/04ன்னு இருந்தா சாஃப்ட்வேர் அத ஏப்ரல் 3ன்னும் எடுத்துக்கலாம், மார்ச் 4ன்னும் எடுத்துக்கலாம். மாசத்த முன்னாடி எடுத்துக்கிட்டா 13ஆம் தேதிலருந்து வர்றதெல்லாம் பிழைன்னு சொல்லி நிறுத்திடும், அதனால தெரிஞ்சுடும், ஆனா 12 தேதி வரைக்கும் உள்ளது சத்தமே இல்லாம மாசம் மாறி உக்காந்துக்கும். ஏத்தினதும் முதல் தேதியும் கடைசி தேதியும் கடைசி இருப்பும் ஸ்டேட்மென்ட்டோட ஒத்து வருதான்னு பாத்துக்கோ. அதே ஃபைல ரெண்டாவது தடவ ஏத்தினா ஏற்கனவே இருக்குன்னு சொல்லுதா இல்ல டபுளா போட்டுடுதான்னும் வேணும்னே ஒரு தடவ பண்ணிப் பாரு. (கைல கணக்கு எழுதறப்போ பழைய ஆளுங்க ஒரு வழி வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒத்துப் போகாம வர்ற வித்தியாசம் 9ஆல வகுபட்டா பெரும்பாலும் எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும், 540ஐ 450ன்னு எழுதினா 90 இடிக்கும். இப்பவும் நான் அதத்தான் முதல்ல பாப்பேன்.)

இப்ப எல்லாத்துலயும் ஏஐ வந்து செலவ தானா வகை பிரிச்சுடும்னு விளம்பரம் பண்றாங்க. பாதி வேலை குறையும், உண்மைதான். ஆனா நீ ஒரே கார்டுல ஆபீஸுக்கு பேப்பரும் வீட்டுக்கு சாமானும் வாங்குற ஆளா இருந்தா அதுக்கு எப்படி தெரியும், ரெண்டையும் ஆபீஸ் செலவுலதான் போடும். தொழிலுக்கு தனி பேங்க் அக்கவுண்ட் தொறந்துட்டியா? இல்லன்னா சாஃப்ட்வேருக்கு முன்னாடி அத பண்ணுடி.

அப்புறம் வெளிய வர்ற வழி. பெஞ்ச்னு கனடால ஒரு கம்பெனி, சின்ன தொழில்காரங்களுக்கு தன்னோட சொந்த சாஃப்ட்வேர்லயே கணக்கு எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க, 2024 டிசம்பர் 27 அன்னிக்கு திடீர்னு மூடிட்டோம்னு அறிவிச்சாங்க, ஆண்டு முடியற நேரம், வரிக் கணக்கு வேலை ஆரம்பிக்கிற சமயம் பாத்து. சில நாள்லயே வேற கம்பெனி வாங்கிடுச்சு, அதனால பெரிய விபரீதம் இல்ல, ஆனா அந்த சில நாள் அத நம்பி இருந்தவங்க தூங்கியிருப்பாங்களா. கம்பெனி மூடணும்னுகூட இல்ல, குவிக்புக்ஸ் எவ்ளோ பெருசு, அதுவே 2023ல இந்தியாவ விட்டு கிளம்பிடுச்சு. பெரிய பேரா பாத்து வாங்கினா கவலை இல்லன்னு நெனைக்கிறதும் தப்புதான்.

அதனால டிரையல்லயே எக்ஸ்போர்ட் பட்டன அமுக்கு. பேரேடு (எல்லாப் பதிவும் இருக்குற லெட்ஜர்) முழுசும், கஸ்டமர் லிஸ்ட், பாக்கி லிஸ்ட் எல்லாம் எக்ஸெல்ல திறக்குற மாதிரி வருதான்னு பாரு, பிடிஎஃப் மட்டும் குடுத்தா அது வேலைக்கு ஆகாது. செலவு ரசீத போட்டோ எடுத்து இணைப்பியே, அதெல்லாம் மொத்தமா இறக்க முடியுதா இல்ல ஒண்ணு ஒண்ணா கிளிக் பண்ணணுமான்னும் பாத்துக்கோ, பெரும்பாலும் அங்கதான் கை விடுவாங்க. சந்தா நின்னா பழைய கணக்க வெறுமன பாக்கவாவது விடுவாங்களான்னு அவங்க ஆளுக்கு எழுதிக் கேட்டு பதில வாங்கி வச்சுக்கோ, ஏன்னா வரிக்காரங்க பழைய வருஷக் கணக்க கேப்பாங்க, நீ அப்போ வேற சாஃப்ட்வேர்ல இருக்கலாம். எதுல இருந்தாலும் மாசக் கடைசில ஒரு காப்பி இறக்கி தனியா வச்சுடு.

வரி விஷயம் நான் அதிகம் சொல்ல மாட்டேன், உன் ஆடிட்டர்தான் சொல்லணும், உன் வரி முறைக்கு ஏத்த பில்லும் ரிட்டர்ன் ரிப்போர்ட்டும் அதுல வரணும், அது இல்லன்னா மத்ததப் பத்தி பேசவே வேணாம். அவர் ஏற்கனவே ஒரு சாஃப்ட்வேர்ல பழகியிருந்தா அதுக்கு நான் தனியா மார்க் போடுவேன், மாசம் கொஞ்சம் அதிகமானாலும் பரவால்ல, அவருக்குத் தெரியாதத நீ வாங்கினா வருஷக் கடைசில உக்காந்து எல்லாத்தையும் மறுபடி டைப் பண்ற ஆளுக்கு நீதான் காசு குடுக்கணும். அவர் ரிட்டர்ன் போட்டு முடிச்ச மாசத்த பூட்டுற வசதி இருக்கான்னும் பாரு, லாக் டேட்ம்பாங்க, இல்லன்னா யாராவது போன மாச பில்ல திருத்திட்டு போயிடுவாங்க, போட்ட ரிட்டர்னும் கணக்கும் ஒத்துப் போகாது.

ஸ்டாக் கணக்கு உனக்கு இப்ப வேணாம், பேப்பரும் மையும்தான, அதுக்காக மேல் பிளானுக்குப் போகாத. சம்பளமும் ரெண்டு பேருக்கு எக்ஸெல்லே போதும்.

பேர் கேட்டியே, உன் நிலைமைக்கு நான் முதல்ல ஸோஹோ புக்ஸ் இலவச பிளான போட்டுப் பாப்பேன், அது இடிச்சா ஸீரோ, ஆனா ஆடிட்டர் வேற சொன்னா அவர் பேச்சக் கேளு. எதுவா இருந்தாலும் வருஷச் சந்தா தள்ளுபடின்னு உடனே கட்டாத, மாசமாசம் கட்டு, ரெண்டு மூணு மாசக் கணக்கு முழுசா சரி பாத்து முடிச்சப்புறம் வருஷத்துக்கு மாத்திக்கோ. கணக்கு வருஷம் ஆரம்பிக்கிற தேதிலருந்து தொடங்கினா ஆரம்ப இருப்பு போடறது சுலபம், நடுவுல ஆரம்பிக்கணும்னா ஒரு மாசத்தோட முதல் தேதியாவது வச்சுக்கோ, முந்தின நாள் பேங்க் இருப்பு, வர வேண்டிய பாக்கி, குடுக்க வேண்டிய பாக்கி மூணையும் ஒரு தாள்ல எழுதி ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு ஏத்து.

அந்த தாள எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாத்து சொல்றேன். சாயந்திரம் எப்ப வேணா கூப்பிடு, பெரியவன் மீட்டிங் இருந்தா நான் மாடிக்குப் போய் பேசுறேன்.

உன்,
கலா