சூடையும் சுறாவும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. விற்றமின் ஈ, விற்றமின் சி, செலினியம் என்று மூன்று போத்தல் குளிசை. மீனில் பாதரசம் இருக்கிறது, அது அப்பாவின் இதயத்துக்குக் கூடாது, இதைப் போட்டால் முறிந்துவிடும் என்று சீட்டும் எழுதியிருந்தாய். போத்தல்கள் அலுமாரிக்கு மேலே உடைக்காமல் இருக்கின்றன. கோபிக்காதே.

நீ பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிழக்குப் பின்லாந்தில் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1995இல் வந்தது. தலைமயிரில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ பாதரசம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு இரண்டு மடங்காம். பாதரசம் உடம்பில் காவலுக்கு நிற்கும் செலினியம் என்ற தாதுவைப் பிடித்துக்கொள்ளும். காவலுக்கு ஆள் குறைந்தால் இரத்தத்துக் கொழுப்பு பழைய எண்ணெய் போலக் காறிப்போகும். ஆனால் 2011இல் அமெரிக்காவில் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. குளிசைக் கதையும் அப்படித்தான். 9,500 பேருக்கு மேல் சேர்த்து நாலரை வருடம் விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. 2000ஆம் ஆண்டே முடிவு வந்துவிட்டது. அம்மாவின் முருங்கையிலை வறையும் முற்றத்துக் கொய்யாவும் எனக்குப் போதும். செலினியம் மீனிலேயே இருக்கிறது. உண்மையில் என் பிரஷருக்கு எதிரி கருவாட்டு உப்பு. அதற்குத்தான் கிளினிக்கில் ஏச்சு வாங்குகிறேன்.

இன்றைக்கும் விடிய உப்புவெளிக் கரைக்குப் போனேன். கரைவலையில் சூடை. பையில் போட்டுக்கொண்டு வந்தேன், சைக்கிள் கைபிடியெல்லாம் செதில். இது சின்ன மீன், கனகாலம் வாழாது, அதனால் பாதரசம் சேர நேரமில்லை. சின்னதைத் தின்று தின்று வளர்ந்த பெரிய சுறாவிலும் வாள்மீனிலும்தான் அது குவிந்து கிடக்கும்.

எனக்கு யோசனை என் நெஞ்சைப் பற்றியல்ல, உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பற்றி. பாதரசம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடும். ஜப்பானில் பாதரசம் ஏறின மீனைத் தின்று வந்த மினமாட்டா நோயை 1956இல் கண்டுபிடித்தார்கள் அல்லவா, அங்கே நோய்க்குறி பெரிதாகத் தெரியாத தாய்மாருக்கும் மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தன. உடம்பில் ஏறினதில் பாதி குறையவே ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். அதற்காக மீனை அடியோடு விட்டுவிடாதே, பிள்ளையின் மூளைக்கு அது வேண்டும். சல்மன் சாப்பிடு, சாளை ரின் சாப்பிடு. அல்பகோர் ரின்னில் மற்றச் சூரை ரின்னைவிடப் பாதரசம் கூட. அப்புறம், நீயும் இந்தக் குளிசைகளைப் போடுகிறாய் என்றால் முதலில் உன் டொக்டரிடம் காட்டு.

இனி அம்மாவின் விஷயம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்காமல் எப்படி என்று நிற்கிறா. பால்சுறா சின்னதுதானே என்கிறா. சந்தையில் துண்டு போட்டு வைத்திருப்பது எந்தச் சுறா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஒரு பொட்டலம் வெயிலில் காய்கிறது. உனக்கு வரும் பார்சலில் நெத்தலி இருந்தால் அது நான் வைத்தது. சுறா இருந்தால், எனக்குத் தெரியாமல் வைத்தது.

அன்புடன்
அப்பா