மனசுக்குள் பேசும் பக்கங்கள்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்பு நண்பா,

உன் கடிதம் காவடிக்கு முந்தின வாரமே கைக்கு வந்துவிட்டது. கோவில் வேலை ஓயட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, புயல் மாதம் என்பதால் எல்லோர் வீட்டிலும் ஒரு காது வானொலியில்தான் இருக்கிறது. வீட்டில் அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

டர்பனில் உங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் பிள்ளைகளுக்கு அறிவியல் புனைகதை நாவல்களை வாசிக்கக் கொடுத்து, அவற்றின் படங்களையும் போட்டுக்காட்டப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. இதைச் சரியாகச் செய்தால் வாசிப்பு, பார்வை இரண்டும் கூர்மையாகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"நாவல் மாதிரி படம் இல்லையே" என்று முதல் நாளே சொல்வார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது. கணக்கைக் காட்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) ஏறத்தாழ 1,88,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் என்று வாய்விட்டு வாசித்தால் 21 மணி நேரம் பிடிக்கும். 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படம் 137 நிமிடம். டெனி வில்நெவ் அதை இரண்டாகப் பிரித்து 2021இல் 155 நிமிடம், 2024இல் 166 நிமிடம் என்று எடுத்தார். இரண்டும் சேர்ந்தும் ஐந்தரை மணி நேரத்தை எட்டவில்லை. ஆக, வெட்டாமல் முடியாது. விட்டுப்போன காட்சிகளுக்குப் பட்டியல் போடுவது எளிது, அதில் கற்க அதிகம் இல்லை. நாவலில் ஒருவர் மனசுக்குள் நினைக்கும் பக்கங்கள் திரையில் எங்கே போயின என்று தேடச் சொல். தழுவலின் தரம் அங்கேதான் தெரியும்.

அந்தப் பக்கங்களுக்கு நாலு கதிதான். பின்குரலாக வரும், இன்னொரு பாத்திரத்தின் வாயில் வசனமாக வரும், முகமாக, பொருளாக, ஒலியாக மாறும், அல்லது காணாமல் போகும். படம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரும் நாவலில் இப்படி மூன்று இடங்களைப் பென்சிலால் குறித்து வரட்டும். மூன்று போதும். பத்து குறித்தால் படம் பார்க்காமல் சரிபார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். படம் ஓடும்போது யாரும் எழுத வேண்டாம், முடிந்ததும் பேசட்டும்.

முதல் நாளுக்கு முழுப்படம் வேண்டாம். 'டூன்' முதல் அத்தியாயத்தில் வரும் பெட்டிச் சோதனையை எடுத்துக்கொள். மூத்த அன்னை ஒருத்தி சிறுவனின் கழுத்தில் விஷ ஊசியை வைத்து, கையைப் பெட்டிக்குள் விடச் சொல்கிறாள். நாவலில் வலி முழுவதும் அவன் நினைப்பில்தான் ஏறுகிறது; அச்சத்தை அடக்கும் மந்திரத்தையும் அவனே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான். லிஞ்ச் அந்த நினைப்பை அப்படியே கிசுகிசுப்பாகப் பின்குரலில் வைத்தார். போதாதென்று கை வெந்து கருகுவதையும் காட்டினார். வில்நெவ் பின்குரலை அடியோடு எடுத்துவிட்டார். மந்திரத்தைக் கதவுக்கு வெளியே நிற்கும் தாய் முணுமுணுக்கிறாள். உள்ளே சிறுவனின் முகம் மட்டும் பேசுகிறது. நினைப்பு ஓரிடத்திலிருந்து இன்னோர் ஆளுக்குக் கைமாறியிருக்கிறது, அதோடு தாயின் பயமும் நமக்குக் கிடைக்கிறது. என் தீர்ப்பு, இந்த ஒரு காட்சியில் வில்நெவ் லிஞ்சைவிட ஒரு படி மேல். பக்கங்களை உரக்க வாசித்து, இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

அதே நாவலின் விருந்துக் காட்சியை இரண்டு இயக்குநருமே விட்டுவிட்டார்கள். வாசித்தால் காரணம் தெரிந்துவிடும். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், வாய் ஒன்று பேச மனசு வேறொன்று கணக்குப் போடுகிறது. அத்தனை மனசையும் பின்குரலில் கொடுத்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கொடுக்காவிட்டால் வெறும் சாப்பாட்டுக் காட்சி.

அடுத்ததாக 'வானரக் கிரகம்' போடு. பியர் பூல் பிரெஞ்சில் 1963இல் எழுதியது. எங்கள் தீவில் மூலத்திலேயே வாசிக்கலாம், உங்களுக்கு ஆங்கிலத்தில் கிடைக்கும். நாவலின் வானரங்களுக்கு அவற்றின் சொந்த மொழி உண்டு. வந்து சேர்ந்த மனிதன் அதைக் கற்றுக்கொண்டுதான் தனக்கும் அறிவுண்டு என்று நிரூபிக்கிறான், அதற்குப் பல பக்கம் பிடிக்கிறது. 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்த நேரம் இல்லை, வானரங்கள் ஆங்கிலமே பேசுகின்றன. அப்படியென்றால் நாயகன் பிடிபட்ட உடனே வாயைத் திறந்து பேசிவிடலாமே? அதற்காகத்தான் பிடிபடும்போதே அவன் தொண்டையில் குண்டுக்காயம். மொழி என்ற தடையை எடுத்துவிட்டு, காயம் என்ற தடையை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். திரைக்கதை வேலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்னொன்று, நாவலில் வானரங்களுக்கு மோட்டார் கார் ஓடும் நவீன நகரம். அதைக் கட்டப் பணம் தாங்காது என்பதால் படத்தில் பாறைக் குடில்கள். கடற்கரையில் சிலை தெரியும் அந்தப் பெயர்பெற்ற முடிவு நாவலில் கிடையாது. நாவலின் முடிவும் அதிர்ச்சிதான், ஆனால் வேறு. ஆகவே எதை முதலில் கொடுத்தாலும் மற்றது கெடாது.

எல்லாவற்றுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. டெட் சியாங்கின் 'உன் வாழ்வின் கதை' (1998) குறுநாவல். அதன் படமான 'அரைவல்' (2016) 116 நிமிடம். இதில் படம் முதலில், வாசிப்பு பிறகு. காலம் பற்றிய திருப்பத்தைப் படம் கடைசி வரை மறைத்துவைக்கிறது; கதையோ தொடக்கத்திலிருந்தே எதிர்காலத்தை நினைவுபோலப் பேசுகிறது. முதலில் வாசித்தவன் படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்துவிடுவான். படம் பார்த்தபின் கதையில் இரண்டு இடத்தைக் காட்டு. ஒளி நீருக்குள் நுழையும்போது மிகக் குறைந்த நேரமாகும் பாதையை 'முன்கூட்டியே தெரிந்து' செல்வதுபோல் வளைகிறதே, அந்த ஃபெர்மாவின் விதிதான் கதையின் முதுகெலும்பு. படம் அதை எடுத்துவிட்டு, வேற்றுக்கிரகவாசிகளின் வட்டமான எழுத்துகளை அந்த இடத்தில் நிறுத்தியது. இரண்டாவது, மகளின் சாவு. கதையில் அவள் 25 வயதில் மலையேற்ற விபத்தில் இறக்கிறாள், படத்தில் இளவயதில் நோயால். தடுக்கக்கூடிய சாவையும் தெரிந்தே ஏற்பது ஒன்று, தடுக்க முடியாத நோயை ஏற்பது வேறொன்று. பதின்வயதுப் பிள்ளைகள் இதில் ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள், இடையில் நீ புகாதே.

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' (1961) கடைசியாக இருக்கட்டும். தார்கோவ்ஸ்கியின் 1972 படம் 167 நிமிடம், இடைவேளை கட்டாயம். நாவல் விண்கலத்தில் தொடங்குகிறது. படம் நெடுநேரம் பூமியிலேயே நிற்கிறது. சோலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கும் கடலைப் பற்றி நாயகன் நூலகத்தில் வாசிக்கும் பக்கங்கள் படத்தில் பெரும்பாலும் இல்லை. லெம்முக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை இந்த வரிசையில் சேர்க்காதே. கிளார்க் நாவலை எழுதியதும் குப்ரிக் படமெடுத்ததும் ஒரே காலத்தில். அதைத் தழுவல் என்று சொன்னால் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். நாவலில் பயணம் சனிக்கு, படத்தில் வியாழனுக்கு. சனியின் வளையங்களை அன்றைய தந்திரக் காட்சியில் நம்பும்படி காட்ட முடியவில்லை.

இனி வட்டு விஷயம். இங்கேதான் பல கூட்டங்கள் கெடுகின்றன. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்காமலே இயக்குநரைத் திட்டுவார்கள். ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலிலிருந்து வந்த 'பிளேடு ரன்னர்' நல்ல எச்சரிக்கை. 1982இல் தியேட்டருக்கு வந்தது, 1992இல் 'இயக்குநர் பதிப்பு', 2007இல் 'இறுதிப் பதிப்பு'. நாயகன் தெருவில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டு நிற்கும்போது அவன் குரல் கதை சொன்னால் அது 1982. கடைசியில் பச்சை மலைகளுக்கிடையே கார் போனாலும் அதுவேதான். லிஃப்ட் கதவு மூடியதும் திரை கறுத்தால் பிந்தைய பதிப்பு. நீ 2007ஐப் போடு. பின்குரல் பற்றிப் பேச மட்டும் 1982இலிருந்து ஐந்து நிமிடம் காட்டு.

டிவிடி என்றால் நேரக் கணக்கில் குழப்பம் வரும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தை நம் நாடுகளின் 'பால்' (PAL) என்ற டிவி முறை வட்டில் 25ஆக ஓட்டுகிறார்கள். 117 நிமிடப் படம் 112இல் முடியும், 'சோலாரிஸ்' 160இல் முடியும். எதையும் வெட்டவில்லை, நாலு சதவீதம் வேகம், அவ்வளவுதான். குரலும் இசையும் சற்றே சுருதி ஏறியிருக்கும். ப்ளூரேயில் இந்தத் தொல்லை இல்லை. வட்டின் மண்டலக் குறியீட்டையும் பார்த்துக்கொள், ஒத்துவராவிட்டால் ப்ளேயர் ஓட்டாது. டிவிடிக்குத் தென்னாப்பிரிக்கா 2, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனும் 2, எங்கள் தீவு 5. ப்ளூரேயில் மூன்று இடத்துக்கும் பி. ரீயூனியனிலிருந்து யாராவது வாங்கி அனுப்பினால் இன்னொன்றையும் சோதி. பழைய பிரெஞ்சு வட்டுகள் சிலவற்றில் ஆங்கில ஒலியைத் தேர்ந்தால் பிரெஞ்சு சப்டைட்டிலை அணைக்க முடியாது.

எங்கள் தியேட்டர்களில் ஹாலிவுட் படம் பெரும்பாலும் பிரெஞ்சு டப்பிங்கில்தான் ஓடும். மனக்குரல் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு டப்பிங் உதவாது. லிஞ்சின் கிசுகிசுப்பை வேறொரு நடிகர் வேறொரு அறையில் பேசியிருப்பார். மூல ஒலி, ஆங்கில சப்டைட்டில் என்று வைத்துக்கொள். ஒரே விலக்கு, த்ருஃபோவின் 'ஃபாரன்ஹீட் 451' (1966). எழுத்து தடைசெய்யப்பட்ட உலகம் என்பதால் தொடக்கப் பெயர்களையே குரலில் சொல்கிறார்கள், திரையில் ஓரெழுத்து வராது. சப்டைட்டில் ஓடினால் அந்த யோசனை முழுக்க வீண். பெயர்கள் முடிந்தபிறகு போடு. மாறாக, வில்நெவ்வின் 'டூன்' படத்தில் தாயும் மகனும் கைச்சைகையில் பேசும் இடங்களுக்குச் சப்டைட்டில் இல்லாவிட்டால் பொருள் போய்விடும். முந்தின நாளே அந்த நிமிடத்துக்கு ஓட்டிப் பார்த்துவிடு.

மண்டபத்தில் ப்ரொஜெக்டரின் வீச்சு விகிதம் 1.5 என்றால், 3 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவி 4.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்தப் படங்களில் பல 2.39க்கு 1 என்ற அகலப் படம். 3 மீட்டர் அகலத்தில் உயரம் 1.25 மீட்டர்தான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை நிற்கும். நிரப்புகிறேன் என்று யாராவது ஜூம் பொத்தானை அமுக்கினால் இரண்டு ஓரமும் போய்விடும். 4கே வட்டைப் பழைய ப்ரொஜெக்டரில் போட்டால் நிறம் வெளிறித் தெரியும். சாதாரண ப்ளூரேயே போதும். ஒலிபெருக்கிக்கு வயர் இழு. ப்ளூடூத்தில் ஒலி ஐந்தில் ஒரு பங்கு நொடி வரை பின்தங்கும், உதடும் குரலும் ஒட்டாது. டிவியில் போடுவதானால் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடு. டிசம்பர், ஜனவரியில் உங்கள் ஊரில் ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும், 'பிளேடு ரன்னர்' அந்த வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. இருட்டுப் படங்களை ஜூனுக்கு வைத்துக்கொள்.

தமிழில் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடு. ஓர் அத்தியாயத்தை இரண்டு பக்கத் திரைக்கதையாக எழுதச் சொல். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம். இயந்திர நாய் ஜீனோ நினைப்பதையெல்லாம் வாய்விட்டே பேசிவிடும், அது சுலபம். நாயகி நிலாவின் மனசுக்குள் இருப்பதை எங்கே வைப்பது என்பதில்தான் திணறுவார்கள், அங்கே கூட உட்கார்ந்து உதவு.

உன் ப்ளேயர் டிவிடியா ப்ளூரேயா, ப்ரொஜெக்டரின் மாடல் எண் என்ன, மண்டபத்தின் நீளம் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. தென்னாப்பிரிக்காவில் கிடைக்காத வட்டு எது என்றும் சொல். ஏப்ரலில் இங்கிருந்து டர்பன் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்