ஜரிகைக்காக எரியும் உடை வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பழைய பட்டுச் சேலைக்குப் பணம்" என்று ஒலிபெருக்கியில் அழைத்தபடி எங்கள் தெருவுக்கு மாதம் இருமுறையாவது ஒரு வண்டி வந்துபோகிறது. சேலையைக் கொடுப்பவர்களையோ வாங்குபவர்களையோ குறை சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. வெள்ளி விற்கும் விலையில், மடிப்பு மடிப்பாக இற்றுப்போன சேலையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க எல்லோராலும் முடியாது. ஆனால் அந்தச் சேலைகளை எரித்து, சாம்பலிலிருந்து ஜரிகை வெள்ளியைப் பிரித்தெடுக்கும்போது, நம் உடை வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சான்றுகளும் உடன் எரிந்துபோகின்றன என்பதை வாசகர்களிடமும் அருங்காட்சியகத் துறையினரிடமும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கும்பகோணம் வட்டாரத்துப் பெண்களின் உடை எவ்வாறெல்லாம் மாறிவந்தது என்று ஆறு ஆண்டுகளாகக் குறிப்பெடுத்துவருகிறேன். சிற்பங்களும் செய்யுள்களும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கோயில் தூணில் நாம் காண்பது சிற்ப மரபுக்கு உட்பட்ட உடை. நாற்று நட்டவளும் நெல் குற்றியவளும் அதையே உடுத்தினார்கள் என்று எப்படிக் கொள்வது? இலக்கியத்திலோ பெயர் இருக்கிறது, துணி இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம் என்று தொடங்கி 36 ஆடை வகைகளை அடுக்குகிறார். அவற்றுள் குச்சரி, தேவகிரி போன்ற பெயர்கள் ஊர்களை நினைவூட்டுகின்றன. ஆனால் பேடகம் எந்த நிறத்தில் இருந்தது, சில்லிகை கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று காட்ட ஒரு சாண் துண்டுகூட நம்மிடம் இல்லை. நம் ஊர் ஈரத்திலும் வெப்பத்திலும் கறையானிலும் பருத்தி நிலைப்பதில்லை. பண்டைக் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய இந்தியப் பருத்தித் துணியின் துண்டுகள் எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்தின் வறண்ட மண்ணில்தான் கிடைத்தன. கீழடியில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. அவற்றில் நூற்ற நூல் மண்ணாகிவிட்டது.

ஆகவே, நாம் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை பெரும்பாலும் கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளின் துணிகளே. அவற்றிலும் பட்டு, ஜரிகைக்காக எரிகிறது. பருத்தி, தூளியாகி, கரித்துணியாகி, இறுதியில் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றாகப் போய்விடுகிறது.

ஒரு துணி என்ன சொல்லும் என்பதற்கு என் வீட்டுச் சான்று ஒன்றைத் தருகிறேன். என் பெரிய அத்தையின் பருத்தி ரவிக்கை ஒன்று சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்தது. வெளியே பார்த்தால் வெளுத்த செம்மண் நிறம். பக்கத் தையலை மெல்ல விரித்துப் பார்த்தபோது, வெயில் படாத உள்மடிப்பில் மட்டும் பழைய அரக்கு நிறம் அப்படியே இருந்தது. அந்த மடிப்பில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று வரிசை ஊசித் துளைகள். முதல் வரிசை தையல் எந்திரத்தின் சீரான துளைகள். மற்ற இரண்டும் கைத்தையல். அதாவது, தையற்காரர் தைத்துக் கொடுத்த ரவிக்கையை வீட்டிலேயே இருமுறை பிரித்துத் தளர்த்தியிருக்கிறார்கள். அக்குளில் வேறொரு சேலையின் துண்டை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அத்தைக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். மங்கிய ஒளிப்படமும் திருமணப் பத்திரிகையும் சொல்லாத ஒரு வாழ்க்கையை, அந்த மூன்று வரிசைத் துளைகளில்தான் நான் படித்தேன்.

நிறமும் காலம் காட்டும். வில்லியம் பெர்க்கின் 1856இல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1897இல் செயற்கை அவுரி என்னும் நீலச் சாயம் சந்தைக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் சிவப்புக்குப் பெயர்பெற்ற சாயவேரும் இத்தகைய சாயங்களுக்கு வழிவிட்டது. ஒரு துணியில் எந்தச் சாயம் ஏறியிருக்கிறது என்று ஆய்வகத்தில் அறிந்தால், அது எந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எரித்த சேலையில் அதைச் சொல்ல வழியே இல்லை.

நம் துணிகளை முறையாகப் பதிவு செய்தவர்கள் உண்டு. ஆனால் அது நமக்காக நடக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் இந்திய அலுவலகத்தில் பணியாற்றிய ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல், லண்டனிலிருந்த இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாகக் கட்டினார். அதன் 20 படிகளில் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. நம் மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்று ஆங்கிலேய ஆலை முதலாளிகள் அறிந்து, அதேபோல நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பதே முதன்மை நோக்கம். நோக்கம் எதுவாயினும், நீளம், அகலம், எடை, ஊர், விலை என்று குறிக்கும் அந்த ஒழுங்கை இன்று நம் வீட்டுத் துணிகளுக்கு நாம் கைக்கொள்ளலாம்.

உடை வரலாறு அலங்காரத்தைப் பற்றியது மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1822 முதல் 1859 வரை நீண்டது. 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையோடுதான் அனுமதி தந்தது. ஒரு முழத் துணியில் அத்தனை அதிகாரம் அடங்கியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்சியகத்தில் சில சாதாரணச் சேலைகளை ஒப்படைக்க முன்வந்தேன். அரச குடும்பத்து உடையாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே கண்ணாடிப் பேழையில் இருந்த ஒரு சேலைக்குப் "பழங்காலச் சேலை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் காந்தியடிகள் இறுதியாக உடுத்தியிருந்த குருதி படிந்த ஆடையின் முன் நிற்பவர்கள் பேச்சற்றுப்போவதற்குக் காரணம், அது யாருடையது, என்று உடுத்தியது என்பது தெரிந்திருப்பதே. பெயரும் நாளும் கூடினால் கூலிக்காரப் பெண்ணின் கண்டாங்கியும் அப்படிப் பேசும்.

எனவே, மாவட்ட அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றிலும் அன்றாட உடைகளுக்கென ஓர் அலமாரியும் பதிவேடும் ஏற்படுத்துமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தையற்காரர்களின் பழைய அளவுக் குறிப்பேடுகளையும் அங்கே சேர்க்க வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழஞ்சேலையைக் கொடுப்பது தவிர்க்க முடியாததானால், அதற்குமுன் உடல், கரை, முந்தி மூன்றும் தெரியும்படி படம் எடுத்து, உடுத்தியவர் யார், எந்த ஊரில் எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, வெள்ளை மல் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள்.

அத்தையின் ரவிக்கையை அப்படித்தான் வைத்திருக்கிறேன். அதையும் என்னிடமுள்ள மற்றப் பதினொரு உடைகளையும், உரிய குறிப்புகளோடு, பெற்றுக்கொள்ளும் முதல் அரசு அருங்காட்சியகத்துக்கு விலையின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்