அடுப்பை அணையவிடாத மருமகளுக்கு

மங்கோலியாவின் ஆர்ஹாங்காய் மலையடிவாரத்தில் எங்கள் பயணக் குழுவில் ஒருவர் நோயில் விழுந்த கதையை இங்கே திரும்பவும் எழுதப்போவதில்லை. உங்களில் பலர் அந்த இரவுகளில் எங்களோடு சேர்ந்து தூக்கம் கெட்டவர்கள். நோயாளி தேறிவிட்டார். குழு முழுவதும் பத்திரமாக எல்லை தாண்டி வந்தாயிற்று. நன்றி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முதல் நன்றி, நாங்கள் தங்கிய கெர் என்ற வட்டக் கம்பளிக் கூடார வீட்டின் இளைய மருமகளுக்கு. அவர் செய்ததைக் கேட்டால் "இவ்வளவுதானா" என்பீர்கள்: இரவெல்லாம் அடுப்புக்கு எரு போட்டார்.

கெர் கூடாரத்தில் உறைகுளிரில் படுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம். கெரின் சுவர் மரச்சட்டப் பின்னல். அதன்மேல் ஆட்டு மயிரை அழுத்திச் செய்த கனத்த கம்பளி. கோடையில் ஒரு சுற்று, குளிர்காலத்தில் இரண்டு. இந்தக் கம்பளி காற்றைத் தடுக்கும். ஆனால் மண்சுவர்போல வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நடுவில் இருக்கும் அடுப்போ வெறும் இரும்புத் தகடு. மூட்டிய சற்று நேரத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லும்; தீ அடங்கினால் அதே வேகத்தில் ஆறிப்போகும். நள்ளிரவுக்குமேல் உள்ளேயே மூச்சு ஆவியாகத் தெரியும்.

அங்கே யாரும் வழக்கமாக விடியவிடிய அடுப்பெரிப்பதில்லை. படுக்கும்போது தீயை அணையவிட்டு, போர்வைக்கு மேல் தடித்த தெல் அங்கியையும் போட்டுத் தூங்குவார்கள். விடியுமுன் வீட்டுப் பெண் எழுந்து மூட்டுவார். குளிர்காலத்துக்கு என்று சேர்த்த எருவை இலையுதிர் காலத்திலேயே தீர்த்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். இந்த எரு நம் ஊர் வறட்டிபோலத் தட்டிக் காயவைத்ததல்ல. மாடும் யாக் என்ற சடைமாடும் போட்டது, விழுந்த இடத்திலேயே காய்ந்து கிடக்கும். ஆர்கல் என்பார்கள். அதைப் பொறுக்க முதுகில் அராக் என்ற கூடை, கையில் சவார் என்ற நீளக்கைப்பிடி முள்வாரி. வாரியெடுத்துத் தோளுக்குமேலே பின்பக்கமாகக் கூடைக்குள் வீச வேண்டும். பார்க்கச் சுலபமாக இருக்கும், பழகாதவர் வீசினால் பாதி தரையில்தான் விழும்.

ஆர்கல் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். ஈரம் இருந்தால் புகை மட்டும்தான் மிஞ்சும். இரவுக்கு நின்று எரிய வேண்டுமென்றால் ஹோர்ஜோன் தேவை. அது குளிர்காலப் பட்டியில் ஆடுகள் மிதித்து மிதித்து இறுகிய புழுக்கைத் தளம். மண்வெட்டியால் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் காயவைப்பார்கள். அந்த மருமகள் முதலில் சிறாய், அதன்மேல் ஆர்கல், தணல் நன்றாகப் பிடித்ததும் ஹோர்ஜோன் பாளம், ஓரத்தில் சாம்பல் அணைப்பு என்று வரிசை மாறாமல் வைத்தார். அப்படி வைத்தும் சில மணிக்கொருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தார். கூரை நடுவிலுள்ள தோனோ வளையத்தின்மேல் போர்த்தும் சதுரக் கம்பளியைப் புகைபோக்கிப் பக்கம் மட்டும் விலக்கியே வைத்திருந்தார். சூடான குழாயில் பட்டால் கம்பளி கருகும். தணல் இருக்கும்போது எல்லாத் திறப்பையும் அடைத்தால் நச்சுக்காற்று சேரும். சுவரடியில் காற்று நுழையும் இடத்தில், நோயாளியின் கட்டிலோரமாக, பழைய கம்பளித் துண்டுகளைச் செருகினார்.

இவ்வளவும் கைத்திறன், அனுபவம் என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் அப்படிச் சொல்ல முடியாதது. அடுப்பு மூடி இரும்பு. எடுத்து வைத்தால் கணீரென்று சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் அதைத் துணி சுற்றி, சத்தமில்லாமல் எடுத்து, சத்தமில்லாமல் வைத்தார். அவர் சொல்லி நாங்கள் அறியவில்லை, காலையில் அடுப்படியில் கிடந்த கருகிய துணிதான் காட்டிக்கொடுத்தது. அதே பெண்தான் விடிந்ததும் மாடு கறந்து, கட்டியாக இறுக்கிய செங்கல் தேயிலையை உடைத்துப் போட்டு, பாலும் உப்பும் சேர்த்து, அகப்பையால் தூக்கித் தூக்கி ஊற்றித் தேநீர் காய்ச்சினார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், கோபிக்க மாட்டீர்கள். கைப்பேசிக்கு அலை கிடைக்கும் முகடுவரை குதிரையில் போய்வந்த பையன், சும் என்ற வட்டார மருத்துவ நிலையத்துச் செவிலியர், குண்டும் குழியுமான தடத்தில் பின்னிருக்கையில் மெத்தை கட்டி நத்தை வேகத்தில் ஓட்டிய ஃபுர்கோன் என்ற ரஷ்ய வேனின் ஓட்டுநர், எல்லையோர ஊரான சாமின்-ஊத் போகும் இரவு ரயிலில் தன் கீழ்ப்படுக்கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்ட பெரியவர், எல்லை நெருங்கினால் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள் என்று முன்கூட்டியே வந்து எழுப்பிய பெட்டிப் பணிப்பெண், நடந்து கடக்க அனுமதியில்லாத அந்த எல்லையில் சீனப் பக்கத்து எரென்ஹாத் வரை ஜீப்பில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்கள், பணம் அனுப்பிய நண்பர்கள். எல்லோருக்கும் நன்றி.

மருமகள் பணம் வாங்கவில்லை. தலையில் மாட்டும் விளக்கை வாங்கிக்கொண்டார். வாசலில் சூரியத் தகடு இருப்பதால் மின்னேற்றம் செய்துகொள்ளக்கூடியதாகப் பார்த்துக் கொடுத்தோம். இனி எங்களோடு வரும் குழுக்களுக்குச் சில கட்டாயங்கள். உறைநிலைக்குக் கீழே தாங்கும் உறக்கப்பை ஆளுக்கொன்று. வீட்டுக்குக் கொடுக்க மாவு, அரிசி, செங்கல் தேயிலை, தீப்பெட்டி. வோட்காவும் மிட்டாய் மூட்டையும் வேண்டாம், அதைத்தான் எல்லோரும் கொண்டுபோகிறார்கள். கொடுக்கும்போது வலக்கையால், இடக்கை முழங்கையைத் தாங்கியபடி. பிறகு, போய்ச் சேர்ந்த அன்று மாலையே வீட்டாரிடம் கேட்டு அராக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எரிக்கப்போகிற எருவில் பாதியாவது நாம் பொறுக்கியதாக இருக்கட்டும்.