பொட்டலம் எடுத்த கை

அன்புள்ள மகளுக்கு,

"பிள்ளைக்கு டாரட் சீட்டு வாங்கிக் கொடுத்தது தப்பாம்மா?" என்று போனில் கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சீட்டில் பேயுமில்லை, பிசாசுமில்லை. லீவுக்கு ஹட்டனுக்கு வந்தபோது உன் மகள் 78 சீட்டையும் பாயில் பரப்பிக் காட்டினாள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்காரர்கள், நம் ஆட்கள் 304 சீட்டாட்டம் ஆடுகிற மாதிரி, சும்மா ஆடிய ஆட்டமாம் அது. குறி பார்க்கத் தொடங்கியது முந்நூறு வருசம் கழித்துத்தானாம். தம்பி தேடி வாசித்துச் சொன்னான். அவளிடம் இருக்கிற படங்கள் 1909இல் வந்தவை. பமீலா கோல்மன் ஸ்மித் என்று ஒரு பெண் வரைந்திருக்கிறாள்.

13ஆம் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு! "அம்மாயி, பின்னால பாருங்க, சூரியன் இருக்கு" என்றாள். கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். தூரத்தில், இரண்டு கோபுரத்துக்கு நடுவில், இருக்கத்தான் இருக்கிறது. இப்படிப் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளையிடமிருந்து சீட்டைப் பறிக்கவா சொல்வேன்?

ஆனால் ராத்திரி படுக்கும்போது ஒரு சீட்டை எடுத்துவந்து, "இது நல்ல சீட்டுத்தானே? அப்பா கட்டார்ல இருந்து வருவாங்கதானே?" என்று கேட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீதான் எடுக்கச் சொல்கிறாயாம். அவள் கை ராசியான கையாம்.

என் கையும் ராசியான கைதான். உனக்கு இதைச் சொன்னதில்லை.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள், நம் தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று. அதற்குப் பிறகு பல வருசம் லயத்து வீடுகளில் அதே பேச்சு. போவதா, இருப்பதா? அப்பாவுக்கு முடிவெடுக்க முடியவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் இங்கேயே, சிவப்பு வந்தால் இந்தியா. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் உருட்டிவிட்டு, "சின்னப் பிள்ளை எடுக்கட்டும்" என்றார். எனக்கு எட்டு வயது. இலை ஈரமாக இருந்தது. எடுத்தேன், பிரித்தார்கள், வெள்ளை. எல்லாரும் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள்.

மாமா குடும்பம் தலைமன்னார் கோச்சியில், ரயிலில் ஏறி, இந்தியாவுக்குப் போனது. நாங்கள் இருந்தோம். 74இல் பஞ்சம் வந்தது. மாவுக்கும் பாணுக்கும் அலைந்த காலம். ஒருநாள் மரவள்ளிக்கிழங்கை வடித்துக்கொண்டே அம்மா, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு மத்தப் பொட்டலத்தை எடுத்திருக்கலாம் நீ" என்றாள். ஒரே ஒரு தடவைதான். அவளுக்கு அது ஞாபகம்கூட இருந்திருக்காது. தங்கச்சி சோறு கேட்டு அழும்போதெல்லாம் நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

மாப்பிள்ளை எப்போது வருவார் என்பது அவருடைய முதலாளிக்குத்தான் தெரியும். அவரையே கேள். மனசு கேட்காவிட்டால் சீட்டை நீயே எடு, பிள்ளையை எடுக்கச் சொல்லாதே. நாளைக்கு அவர் லீவு தள்ளிப்போனால், தான் எடுத்த சீட்டால்தான் என்று நினைத்துக்கொள்வாள். வெளியே சொல்லவும் மாட்டாள்.

அடுத்த லீவுக்குச் சீட்டையும் கொடுத்தனுப்பு. 0 நம்பர் சீட்டில் ஒருவன் நாயோடு மலை விளிம்பில் நிற்கிறான் அல்லவா, அவன் விழுந்தானா இல்லையா என்று கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். தம்பி தினமும் கேட்கிறான்.

அம்மா